மூணுக்கு ஒண்ணு

மூன்று கோல் போட்ட அணி தோற்றதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நள்ளிரவு தாண்டிவிட்டது. 2018 அக்டோபர் 18, ஆயுத பூஜை நாள், முடிந்துபோனது. தூக்கம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

முப்பத்திரண்டாவது நிமிடத்தில் நாம், சென்னையின் எஃப்சி, மூணுக்கு ஒண்ணு முன்னால் இருந்தோம். சொந்த ஊரில், நேரு ஸ்டேடியத்தில், நம் விளக்கு வெளிச்சத்தில், நம் பறைச் சத்தத்தில். எதிரே நின்றது நார்த் ஈஸ்ட் யுனைடெட். போன சீசனில் பத்து அணியில் பத்தாவதாக முடித்தவர்கள். நாமோ ஐஎஸ்எல் கோப்பையை வைத்திருப்பவர்கள். ஹாஃப் டைம் விசில் அடிக்கும்போது மூணுக்கு மூணு. ஆட்டம் முடியும்போது மூணுக்கு நாலு. இதை எப்படிச் சொல்லி யாருக்கு விளங்கவைப்பது?

தோல்வி எனக்குப் புதிதில்லை. பந்தாட்டம் பார்க்கிறவனுக்குத் தோல்வி தெரியும். புளியந்தோப்பில் பிறந்தவன் நான். பெரம்பூர் பக்கம் எந்த மைதானத்தில் ஆட்டம் என்றாலும் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். தோற்ற அணியின் ஆட்கள் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். "நல்லா ஆடுனானுங்கடா, கொடுப்பினை இல்ல" என்பார் அப்பா. அப்படித் தோற்றால் மனசு ஆறிவிடும். இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை. கொடுப்பினை இருந்தது. கையில் கொண்டுவந்து வைத்தது. நாம்தான் கையை விரித்துக் கீழே போட்டோம்.

நாலாவது நிமிடமே அதிர்ஷ்டம் நம் பக்கம் வந்து நின்றது. அவர்களுடைய ரௌலின் போர்ஜஸ் தன் வலைக்குள்ளேயே பந்தை அனுப்பிவிட்டார். சேம்சைடு கோல். ஸ்டாண்டே குலுங்கியது. பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பதினைந்தாவது நிமிடத்தில் தோய் சிங் ஒன்று போட்டார். இந்த சீசனின் முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்ற வலியும் அப்போதே மறந்துபோனது. இருபத்தொன்பதில் அவர்களுடைய ஓக்பெச்சே ஒன்று அடித்தார், சரி, ஒன்றுதானே என்றிருந்தோம். முப்பத்திரண்டில் மறுபடி தோய் சிங். மூணுக்கு ஒண்ணு. அந்த மணிப்பூர்க்காரர் உயிரைக் கொடுத்து ஓடினார். அவரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தக் கொடுமை. முப்பத்தேழில் ஓக்பெச்சே. முப்பத்தொன்பதில் மறுபடி ஓக்பெச்சே. ஒரே ஆள். பாரிஸ் செயின்ட் ஜெர்மைனில் ஆடியவர், நைஜீரியாவுக்கு உலகக் கோப்பையில் ஆடியவர், திறமைசாலி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவை அடித்தவரை இரண்டாவது தடவை விடலாமா? இரண்டு தடவை அடித்தவரை மூன்றாவது தடவையும் விடலாமா? ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த எட்டு வயசுப் பையன் "அண்ணா, அவரப் புடிங்க, அவரப் புடிங்க" என்று கத்தினான். அவனுக்குத் தெரிந்தது. களத்தில் நின்ற உங்களுக்குத் தெரியவில்லையா?

நாலாவது கோலை யார் போட்டது தெரியுமா? ரௌலின் போர்ஜஸ். நாலாவது நிமிடத்தில் தன் அணிக்கு எதிராகவே கோல் போட்ட அதே மனிதர். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. தன் தப்பைத் தானே போய்த் திருத்திவிட்டு வந்தார், ஐம்பத்து நாலாவது நிமிடத்தில். எதிரணிக்காரர்தான், ஆனால் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த ரோஷம் நம் நீலச் சட்டைக்குள் எங்கே போனது?

நான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. ஜாப்பை மாட்டி, ஓட ஆரம்பித்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறவன் கடைசியில் எல்லாவற்றையும் கெடுப்பான். அளவுக்கு வந்த பிறகுதான் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அளவுக்கு வந்த ஜாப்பைக் கெடுத்தால் அந்த இரும்பு எதற்கும் ஆகாது, குப்பைக்குத்தான் போகும். மூணுக்கு ஒண்ணு என்பது அளவுக்கு வந்த ஜாப்.

இது ஒரு நாள் தவறென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். செப்டம்பர் 30, பெங்களூரு, முதல் ஆட்டம். அவர்களுடைய மிக்கு போட்ட ஒரே கோலில் தோற்றோம். ஆறு மாதம் முன்பு அதே ஊரில் அதே அணியை வென்றவர்கள் நாம், வெளியூர் ஆட்டம், போகட்டும் என்றோம். அக்டோபர் 6, கோவா இங்கே வந்து ஒன்றுக்கு மூன்று என்று ஜெயித்துப் போனது. நம் ஒரே கோலை எலி சாபியா போட்டபோது ஆட்டம் கூடுதல் நேரத்தில் இருந்தது, கூட்டத்தில் பாதிப் பேர் வாசலைத் தாண்டியிருந்தார்கள். இன்றைக்கு இது. மூன்று ஆட்டம், எட்டு கோல் வாங்கியிருக்கிறோம், புள்ளி பூஜ்ஜியம். பதினெட்டு ஆட்டத்தில் மூன்றுதான் போயிருக்கிறது என்று எனக்கும் கணக்குத் தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறது. ஏனென்றால் இந்தப் பாதையில் நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறோம்.

2015 டிசம்பரை யாராவது மறப்பார்களா? எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். அம்மாவை மாடி வீட்டுக்காரர் வீட்டில் ஏற்றிவிட்டு, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற நாட்கள். அந்த வெள்ளத்தால் நம் சொந்த ஊர் அரையிறுதியையே சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்குக் கொண்டு போனார்கள். வீடில்லாமல் நாங்கள், வீட்டு மைதானம் இல்லாமல் நீங்கள். புனேவில் கொல்கத்தாவை மூணுக்கு பூஜ்ஜியம் என்று அடித்தீர்கள். டிசம்பர் 20, இறுதி ஆட்டம், கோவாவில், கோவாவுக்கு எதிராக. தொண்ணூறாவது நிமிடம் வரைக்கும் இரண்டுக்கு ஒன்று என்று பின்னால் இருந்தோம். சேற்று வாடை போகாத வீட்டில், ஒரே செல்போனைச் சுற்றி ஒன்பது பேர். பந்து அவர்கள் கீப்பர் மேல் பட்டு உள்ளே போனது, சமன். மூச்சு விடுவதற்குள் நம் மெண்டோசா அடித்தார். மூணுக்கு ரெண்டு. அந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், இடிந்துபோன திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தோம். அப்போது எங்களுக்கு நீங்கள் வெறும் ஒரு அணி இல்லை.

மறு வருடம் என்ன ஆனது? 2016. எட்டு அணியில் ஏழாவது. கோப்பையைக் கொண்டுவந்த கையோடு அடுத்த சீசனில் சரிந்து விழுந்தோம். "கோச் மெட்டராசி போனால் சரியாகிவிடும், புது கோச் வந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்தோம். ஜான் கிரெகரி வந்தார். சரியாகவும் ஆனது. 2018 மார்ச் 13, கோவாவை இதே மைதானத்தில் மூணுக்கு பூஜ்ஜியம். ஜெஜே ரெண்டு, தனபால் கணேஷ் ஒன்று. தனபால் அடித்தபோது வியாசர்பாடியே துள்ளியது, ஏனென்றால் அது வியாசர்பாடிக் கால். எங்கள் பக்கத்து ஏரியாப் பையன். செம்மண்ணில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் நூறு பிள்ளைகளுக்கு அந்த ஒரு கோல் போதும், பத்து வருஷத்துக்கு.

நாலு நாள் கழித்து பெங்களூருவில் இறுதி ஆட்டம். காலை பிருந்தாவன் ரயிலில் ஏறிப் போனோம், ஆறு பேர். கண்டீரவா முழுக்க அவர்கள் கூட்டம், மூலையில் நாங்கள். ஒன்பதாவது நிமிடத்தில் அவர்களுடைய சேத்ரி தலையால் முட்டி உள்ளே தள்ளினார். காது அடைத்துப்போனது. அப்புறம் நம் மைல்சன் ஆல்வெஸ் ஒன்று, ஹாஃப் டைமுக்குச் சற்று முன்னால் இன்னொன்று, இரண்டும் தலையால். பிறகு ராஃபேல் அகஸ்டோ. அன்றைக்கும் மூணுக்கு ஒண்ணு. நன்றாகக் கேளுங்கள், அன்றைக்கும் இதே மூணுக்கு ஒண்ணுதான். கடைசியில் ஒன்று வாங்கினீர்கள், ஆனால் அதற்குள் காத்து நின்றுவிட்டீர்கள். ஒவ்வொரு கார்னருக்கும் கேப்டன் செரெனோ கையைக் காட்டிக் கத்திக் கத்தி ஆட்களை நிறுத்தினார். ஒவ்வொருவரும் உடம்பைக் குறுக்கே போட்டீர்கள். இரவு பேருந்தில் நின்றுகொண்டே திரும்பி வந்தோம், கால் வலிக்கவில்லை.

செரெனோ போய்விட்டார். தனபால் முழங்கால் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். தெரியும். காயத்துக்கு யாரைக் குறை சொல்வது? ஆனால் கோப்பையைத் தூக்கிய கேப்டன் போன இடத்தில் என்ன வைத்தீர்கள் என்று கேட்கிற உரிமை எனக்கு உண்டா இல்லையா? நம் கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ், இங்கே சென்னை சிட்டி அணியில் ஆடிப் பேர் வாங்கியவர், இன்றைக்கு ஜாம்ஷெட்பூர் சட்டையில் ஓடுகிறார். நந்தகுமார் டெல்லியில். நம் மண்ணில் முளைத்ததை அடுத்தவன் அறுத்துக்கொண்டு போவதை டிவியில் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மணிப்பூரும் மிசோரமும் தந்த தம்பிகள் எங்களுக்கு அந்நியர் இல்லை, தோய்க்காகத்தான் இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளையும் பிடித்து வைத்திருக்கலாமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பந்தாட்ட ரசிகனாக இருப்பது எவ்வளவு கேவலம் சுமப்பது என்று உங்களுக்குத் தெரியுமா? பட்டறையில் பத்துப் பேரில் ஒன்பது பேர் கிரிக்கெட். மஞ்சள் சட்டை. "உங்காளுங்க ஜெயிச்சாங்களா?" என்று கேட்பதே கிண்டலுக்குத்தான். மார்ச்சில் நான் கோப்பைப் படத்தைக் காட்டியபோது ஒருத்தரும் பேசவில்லை, அதுவே எனக்குப் பெரிய மரியாதை. ஏழு மாதம் அந்த மரியாதையில் தலை நிமிர்ந்து நடந்தேன். நாளை மறுநாள் பட்டறை திறக்கும். யார் முகத்தைப் பார்ப்பேன்?

இன்றைக்குக் காலையில் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பூஜைக்கு வைக்கச் சொன்னாள். தங்கச்சி புத்தகத்தை வைத்தாள். நான் என் ஸ்பேனர் செட்டை வைத்தேன், அதன் மேல் அந்த நீலத் துண்டை மடித்து வைத்தேன். கண்டீரவாவில் கழுத்தில் கிடந்த துண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆட்டத்துக்குக் கிளம்பும்போது அதை எடுக்கப் போனேன். "பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுப்பா, நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றாள். கேட்கவில்லை நான். துண்டில்லாமல் எப்படிப் போவது? மூன்றாவது ஆட்டம், கட்டாயம் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்குப் பண்டிகை. பொரி, சுண்டல், சர்க்கரைப் பொங்கல், விருந்தாளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். நான் மட்டுமில்லை. அந்த ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும் நெற்றியில் குங்குமத்தோடுதான் நின்றார்கள். வாசலில் நின்ற வண்டிகளெல்லாம் வாழைக்கன்றும் மாலையுமாக நின்றன. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஏழு நிமிடத்தில் ஆட்டத்தைக் கைவிட்டீர்களே, அந்த ஏழு நிமிடம் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தொன்பது. ஜெயித்தாயிற்று என்றா? நாங்களே நினைக்கவில்லையே. நாங்கள் கத்திக்கொண்டுதான் இருந்தோம்.

கிரெகரி ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. நீங்கள் கொடுத்த மார்ச் மாதம் என் ஆயுசுக்கும் போதும். ஆனால் சாக்குக் கேட்க எனக்குக் காது இல்லை இப்போது. கோப்பைக்குப் பிறகு சரிவதை ஒரு தடவை பொறுத்தோம். அடுத்த வருடம் ஏஎஃப்சி கோப்பைப் போட்டியில் இந்த ஊர் பெயரைச் சொல்லி வெளிநாட்டு அணியோடு ஆடப் போகிறவர்கள் நீங்கள். இந்தத் தடுப்பை வைத்துக்கொண்டா? டிஃபென்ஸைச் சரிபண்ணுங்கள். முன்னால் நின்றால் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுங்கள். ஜெஜேவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். போன சீசனில் ஒன்பது கோல் அடித்த கால் அது, மூன்று ஆட்டமாக ஒன்றுமில்லை, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விழித்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, என் முகமே சொல்லியிருக்கும். கழுத்திலிருந்த துண்டைக் கழற்றி வாங்கினாள். வியர்வையில் நனைந்து பொட்டு கலைந்திருந்தது. உதறி, மடித்து, ஸ்பேனர் மேல் பழைய இடத்திலேயே வைத்தாள். குங்குமச் சிமிழைத் திறந்து மறுபடி ஒரு பொட்டு வைத்தாள். "நாளைக்கு எடுத்துக்கோ" என்றாள்.

அப்போதுதான் அழுதேன்.