மாடியறையில் ஒரு விமானம்

கப்பலூர் நாம் வாழும் ஊர். பெயரில் கப்பல் உண்டு. அருகில் கடல் இல்லை. மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஆலையும் தொழிற்பேட்டையும் சூழ்ந்த சமவெளி ஊர் இது. கடற்கப்பலைக் காணாத இவ்வூரார் வான்கப்பலைக் காண்கின்றனர். மதுரை விமான நிலையத்தின் ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்துள்ளது. ஆதலின் மேற்கிலிருந்து இறங்கும் விமானங்கள் நம் ஊர்ப்பக்கத்து வானில் தாழ்ந்து செல்லும். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோரை வழியனுப்பவும் வரவேற்கவும் விமான நிலையம் சென்றுவரும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆயினும் விமானத்தில் ஏறிச் செல்வோர் பெருகிய அளவுக்கு, அதனைச் செலுத்த எண்ணுவோர் பெருகினர் அல்லர். இதன் காரணத்தை எண்ணிப் பார்க்க ஒரு சிறு நிகழ்ச்சி நம்மைத் தூண்டியது.

நம் தங்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். தன் வீட்டு மாடியறையில் பிளைவுட் துண்டுகளையும் பி.வி.சி. குழாய்களையும் பழைய கதவுக் கீல்களையும் குவித்து வைத்தான். விமானி அமரும் அறையைப் போன்ற ஒன்றைக் கட்டப் போவதாகச் சொன்னான். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அவன் அத்தா, "இது சோறு போடுமா?" என்று கேட்டார். நாமும் அவர் பக்கமே நின்று, "படிக்கிற வயதில் ஏனப்பா இந்த விளையாட்டு?" என்று கடிந்தோம். அன்று நாம் சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

விளையாட்டு என்று ஒதுக்கப்பட்ட பொருளே பின்னர் உயிர்காக்கும் கருவியானதை வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்னும் இளைஞர் வாழ்ந்தார். அவர் தந்தை பியானோவும் ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவியும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். எட்வினுக்கோ பறப்பதில் பேரார்வம். 1920இல் அவர் பெற்ற முதல் விமானப் பாடத்திற்கே 50 டாலர் கட்டணம் ஆயிற்று. இவ்வளவு செலவின்றித் தரையிலேயே கற்க வழியில்லையா என்று அவர் எண்ணினார். தந்தையின் தொழிற்சாலைக் கீழ்த்தளத்தில், ஆர்கனுக்குரிய காற்றுத் துருத்திகளையும் விசைக்குழாய்களையும் கொண்டே, சாயவும் திரும்பவும் வல்ல ஒரு குட்டி விமானத்தை 1929இல் செய்து முடித்தார். பறப்புத் துறையினர் அதைப் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே அதை வாங்கின.

1934இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் அஞ்சல் பைகளைக் கொண்டுசெல்லும் பணி ஒப்படைக்கப்பட்டது. பனியிலும் இருளிலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் விமானிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்க்கின் கருவிகள் ஆறினை, ஒன்று 3,500 டாலர் வீதம், வாங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலட்சக்கணக்கான விமானிகள் அக்கருவியில் பயின்றனர். இன்று விமான நிறுவனங்கள் பல கோடி ரூபாய் கொடுத்து வாங்கும் சிமுலேட்டர்களுக்கு மூலம், பணமின்மையால் ஓர் இளைஞர் கீழ்த்தளத்தில் செய்த அந்தப் பெட்டியே.

பறக்குமுன் பயில வேண்டும் என்னும் கருத்து நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி செய்வித்ததுடன் அமையவில்லை; ஆபத்து வருமுன்னரே விசயையை அதில் அமர்த்திப் பழக்குகிறான். வலப்புறம் திருகினால் எழும். இடப்புறம் திருகினால் இறங்கும் என்று பொறியின் இயக்கத்தையும் திருத்தக்கதேவர் கூறுகிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ், இறகு பூட்டிப் பறக்க முயன்றவர். வாலின் துணைகொண்டு பறவை இறங்குவதை அவர் கருதாமையால் இறங்கும்போது காயமுற்றார் என்று அல்மக்கரீ என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அதே இப்னு பிர்னாஸ் தம் வீட்டில் விண்மீனும் மேகமும் மின்னலும் இடியும் தோன்றும் செயற்கை வானம் ஒன்றை அமைத்திருந்தார் என்றும் அவர் குறிக்கிறார். வீட்டுக்குள் வானம் அமைக்கும் ஆசைக்கு ஆயிரம் ஆண்டு வயது உண்டு!

இனி நம் மருமகனின் முயற்சிக்கு வருவோம். வீட்டிலிருந்த பழைய கணிப்பொறியில் பிளைட்கியர் என்னும் மென்பொருளை நிறுவினான். அது 1990களில் தொடங்கி உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வளர்த்து வரும் இலவச மென்பொருள். விமானத்தை இயக்கும் பிடியையும் கால்மிதிகளையும் காயலான் கடைப் பொருள்களைக் கொண்டு செய்தான். பிடியின் அசைவைக் கணிப்பொறி உணர்வது எப்படி? வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு, மின்தடையை மாற்றும் ஓர் உறுப்பு. அதற்கு ஐந்து வோல்ட் கொடுத்தால், திருகு நிற்கும் நிலைக்கேற்ப வெளிவரும் மின்னழுத்தம் மாறும். ஆர்டுயினோ லியோனார்டோ என்னும் சிறிய மின்பலகை அந்த மாற்றத்தை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக்கிக் கணிப்பொறிக்கு அனுப்பும். திரையில் விமானத்தின் மூக்கு எழும் அல்லது தாழும்.

முதல் நாள் அவன் விமானம் நேராகப் பறக்கவில்லை. பிடியைப் பாதிவரை இழுத்தும் அசையாமல் நின்று, பின் திடீரெனத் துள்ளியது. மூன்று நாள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டான். நம் செவி ஒலியை உணரும் முறைக்கேற்ப வானொலித் திருகின் தடை சீராக ஏறாதவாறு அமைக்கப்பட்டிருக்கும். அவனுக்கு வேண்டியதோ சீராக ஏறும் வகை. ஒரு சில ரூபாயில் வேறு திருகு வாங்கி மாற்றினான். அந்த மூன்று நாளில் அவன் கற்ற மின்னியலை எந்தத் தேர்வும் அவனிடமிருந்து இனிப் பறிக்க இயலாது.

பின்னொரு நாள் நம்மை அமரச் செய்து, நம் ஊருக்கு மேலாகவே மதுரை ஓடுதளத்தில் இறங்கிக் காட்டினான். மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ 52 மீட்டர் தாழ வேண்டும் என்றான். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் அங்கே உயிர்பெற்று நின்றது. நாம் பிடியைப் பற்றியபோது விமானம் வயலில் விழுந்தது. "பரவாயில்லை மாமா, இதில் விழுந்தால் யாருக்கும் அடிபடாது. திரும்ப ஏறலாம்" என்றான். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தவறு செய்து கற்கும் வாய்ப்பை இந்த உலகம் எளிதில் தருவதில்லை. ஒருமுறை தவறினால் கட்டிய பணம் போகும். குடும்பத்தின் நம்பிக்கையும் போகும். விழுந்து விழுந்து கற்க ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம்! கணிப்பொறி நீங்கலாக அதற்கு ஆன செலவு ஆறாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று.

இராமேசுவரத்தில் தந்தையார் மரப்படகு கட்டுவதை அருகிருந்து பார்த்த சிறுவர் அப்துல் கலாம். பின்னர்ச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களே அவர் நெஞ்சைக் கவர்ந்தன. விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக வந்து வாய்ப்பை இழந்தவர், 2006இல் தம் 74ஆம் வயதில் குடியரசுத் தலைவராகச் சுகோய் விமானத்தில் பறந்தார். பறக்காத அந்தப் பழைய விமானங்கள் வீண்பொருள்கள் அல்ல என்பதை நாம் உணர வேண்டும்.

ஒன்றை மறைத்தல் ஆகாது. வீட்டுப் பொறியில் பயின்ற நேரம் விமானி உரிமத்திற்குக் கணக்கில் வாராது. வணிக விமானி உரிமத்திற்கு இருநூறு மணி நேரம் உண்மையாகவே பறந்திருத்தல் வேண்டும். அதற்குப் பல பத்து இலட்சம் ரூபாய் செலவாகும். எனவே எந்தப் பெற்றோரும் இதை நம்பிக் கடன் வாங்குதல் கூடாது. விமானியாகாவிடினும், பொறியாளராகவோ பழுதுபார்ப்பவராகவோ மென்பொருள் எழுதுபவராகவோ உயரும் கைத்திறனும் பொறுமையும் இதில் கிட்டும் என்பது நம் துணிபு.

நம் கல்லூரியில் இயற்பியல், கணிதம், கணிப்பொறித் துறைகள் கூடி இத்தகைய பொறியொன்றை மாணவர் கையாலேயே கட்டச் செய்யலாம். தமிழ்த்துறைக்கும் அதில் பணி உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் மாணவர் நாவில் நிற்கும் தமிழ்ச்சொல் காண்பது நம் கடன். ஊர்ப் பெரியவர்கள் பெரும்பொருள் தர வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கணிப்பொறியைத் தரலாம்; கடிந்துரைக்காமல் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

கப்பலைச் செலுத்துபவனை மாலுமி என்கிறோம். அச்சொல் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பர். அதற்கு ஆசிரியர் என்பது பொருள். கப்பலூர் மாடியறையில் ஆசிரியராகிய நாம் மாணவராக அமர்ந்தோம். மாணவன் மாலுமியாக நின்றான். மாமன் முதன்முறை பழுதின்றி ஓடுதளத்தில் இறங்கிய அன்று, அவன் அத்தாவும் படியேறி வந்து, "கொஞ்சம் தள்ளுங்க மச்சான், நானும் பார்க்கிறேன்" என்றார்.