விருந்தினர்க்கு எந்தக் கடை?

காசிக்கு வரும் தமிழர் பலரும் கங்கையில் நீராடி எழுந்ததும் கேட்பது, "இட்டலி எங்கே கிடைக்கும்?" என்பதே. தமிழர் மிகுந்து வாழும் அனுமந்த கட்டத்துப் பக்கம் அது கிடைக்கும். முதியவர்க்கும் நோயுற்றவர்க்கும் அதனைக் காட்டலாம். ஏனையோரையும் அங்கேயே அனுப்புவது விருந்தோம்பல் ஆகாது. இட்டலி உண்ணவா இத்தனை தொலைவு வந்தனர்?

காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் சூடான ஜிலேபியும் விற்கும் சந்துக் கடைக்கே அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். குளிர்காலமாயின் மலையோ உண்டு. காய்ச்சிய பாலை இரவுப் பனியில் வைத்துக் கடைந்தெடுத்த நுரை அது, குங்குமப்பூ மணக்கும், வெயில் ஏறினால் அமிழ்ந்துவிடும். பத்து மணிக்கு எழும் விருந்தினரிடம் அதனைச் சொல்லிப் பயனில்லை.

பெயர்ப்பலகையின் அளவைக் கண்டு கடையைப் பரிந்துரைக்கலாகாது. உள்ளூரார் நின்று உண்கின்றனரா என்று பார்த்தல் வேண்டும். இந்நகரில் வளரும் தமிழ்ச் சிறுவர் இதனை நன்கு அறிவர். ஊரிலிருந்து வந்த மாமா கைப்பேசியில் உணவகம் தேடும்போது அவர்கள் வாய்திறவாதிருப்பதுதான் ஏனென்று விளங்கவில்லை.