குண்டு விழுந்த ஊரில் மிட்டாய் மழை!

சண்டை போட்ட இரண்டு நாடுகள் சிநேகமாவது லேசான காரியம் அல்ல. ஜெர்மனியும் அமெரிக்காவும் சிநேகமாயின. "இரண்டுக்கும் ரஷியாவிடம் பயம். அதனால் சேர்ந்தன" என்று சிலர் சொல்வார்கள். அது அரசாங்கத்தின் கணக்கு. ஜனங்களின் மனம் மாறியது வேறு வழியில் என்பது என் எண்ணம். அதற்கு ஒரு விமானியின் கதையே சாட்சி.

1945-ல் யுத்தம் முடிந்தபோது பெர்லின் இடிந்து கிடந்தது. அமெரிக்க விமானங்களும் பிரிட்டிஷ் விமானங்களும் குண்டு போட்ட ஊர் அது. வென்ற நாலு நாடுகள் நகரைப் பங்கு போட்டுக்கொண்டன. நகரைச் சுற்றி இருந்த நாட்டுப்புறம் முழுவதும் ரஷியாவின் கையில்!

1948 ஜூன் 24-ந் தேதி ரஷியா வழியை அடைத்தது. மேற்கு பெர்லினுக்கு ரெயில் இல்லை, ரோடு இல்லை, படகும் இல்லை. அங்கே இருந்தவர்கள் 20 லட்சம் பேருக்கு மேல். மிஞ்சிய வழி ஆகாயம் ஒன்றுதான்.

அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்தில் மாவும் நிலக்கரியும் கொண்டுவந்தன. 15 மாதத்தில் சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம் தடவை விமானங்கள் பறந்தன. 23 லட்சம் டன் சாமான் வந்து இறங்கியது. விபத்துகளில் 31 அமெரிக்கர்கள் மாண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் எதிரியாக இருந்தவன் வீட்டு அடுப்பு எரிவதற்காக உயிரை விட்டார்கள்!

அந்த விமானிகளில் ஒருவர் கெயில் ஹால்வர்சன். ஒரு நாள் டெம்பல்ஹோப் விமான நிலையத்தின் வேலி ஓரம் போனார். அப்பால் சுமார் 30 குழந்தைகள் நின்றார்கள். அவரோடு பேசினார்கள். ஆனால் ஒரு குழந்தைகூட "கொடு" என்று கை நீட்டவில்லை. அதுதான் அவர் நெஞ்சைத் தொட்டது. பையில் இருந்தது இரண்டே சூயிங்கம். ஒடித்துக் கொடுத்தார். கிடைக்காத குழந்தைகள், சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பங்கு போட்டு மோந்து பார்த்தார்கள்!

"மேலே இருந்து மிட்டாய் போடுகிறேன்" என்றார் ஹால்வர்சன். உங்கள் விமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். "இறக்கையை ஆட்டிக் காட்டுகிறேன்" என்றார். கைக்குட்டையைப் பாராசூட் போலக் கட்டி மிட்டாய் போட்டார். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கவில்லை! விஷயம் பத்திரிகையில் வந்தது. அதிகாரி கோபித்தார். ஆனால் தளபதி டன்னர் தடுக்கவில்லை. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கைக்குட்டையில் நூல் கட்டி அனுப்பினார்கள். மிட்டாய்க் கம்பெனிகளும் கொடுத்தன. மொத்தம் சுமார் 23 டன் மிட்டாய் விழுந்தது.

"எல்லாம் விளம்பரம்" என்பாரும் உண்டு. அரசாங்கம் பிறகு விளம்பரம் செய்தது உண்மைதான். தொடங்கியது அரசாங்கம் இல்லையே! 23 லட்சம் டன்னுக்கு முன் 23 டன் எம்மாத்திரம்? பசி தீர்ந்தது மாவால்தான். ஆனால் விமானச் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடிய குழந்தை, வாசலுக்கு ஓடி வந்தது மிட்டாயால்தான்.

ஜெர்மானியர் மறக்கவில்லை. 2002-ல் சால்ட் லேக் நகரக் குளிர்கால ஒலிம்பிக்கில், ஜெர்மன் அணியின் பெயர்ப் பலகையை ஏந்தி நடந்தவர் அவரே. 2022-ல், 101-வது வயதில் காலமானார்.

அந்த நாளில் ஒரு பெர்லின் சிறுமி அவருக்குக் கடிதம் எழுதினாள். விமானச் சத்தத்தில் எங்கள் கோழிகள் மிரளுகின்றன. ஆனாலும் வெள்ளைக் கோழி தெரியும் இடத்தில் மிட்டாய் போடுங்கள் என்று கேட்டாள். மேலே இருந்து பார்த்தால் கோழி தெரியுமா? அவர் தபாலில் மிட்டாயும் பதில் கடிதமும் அனுப்பினார். 20 வருஷத்துக்கு மேல் ஆன பின், அவள் வீட்டுக்கே விருந்துக்குப் போனார். அலமாரியைத் திறந்து அவள் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள்.