அழகான ஏழைகள்

யார்ட்லி கம்பெனியார் 1913-இல் தம் வாசனைப் பொருள்களுக்கு முத்திரையாக ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டனர். தெருவில் பூ விற்கும் பெண்ணின் படம் அது. பிரான்சிஸ் வீட்லி 1790-களில் 'இலண்டன் கூவல்கள்' என்னும் வரிசையில் தீட்டியது. மூலத்தில் அவள் விற்றது பிரிம்ரோஸ் மலர். கம்பெனியாரோ அதை லாவெண்டராக்கிவிட்டனர்!

பூவை மாற்றியவர்களை நான் குறை கூறேன். வாழ்வையே மாற்றியவர் வீட்லி அன்றோ? அவருடைய தெருவிலே சேறு இல்லை. கூடை சுமப்பவள் முகத்திலே களைப்பு இல்லை. ஆடையிலே ஒரு கிழிசல்கூட இல்லை.

அதே இலண்டன் தெருவை 1760-இல் பால் சாண்ட்பியும் வரைந்தார். கந்தல் துணி, முரட்டு முகம், பிழைப்புக்காகக் கத்தும் வாய் எல்லாம் அவர் படத்தில் உண்டு. இன்னும் பல வரைந்து வைத்திருந்தும், அச்சேறியவை பன்னிரண்டே. வீட்லியின் படங்களோ மீண்டும் மீண்டும் அச்சாகி விற்றன.

"கலைக்கு அழகு வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும், நண்பர்களே. ஆனால் அது யார் கண்ணுக்கு அழகு? படத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டியவர், வாசலில் வந்து கூவியவளிடம் பேரம் பேசாமல் இருந்திருப்பாரா?

நம் சங்கக் கண்காட்சிக்கு இவ்வாண்டும் விடுதி வாயிற் கடலைக்காரரின் படங்கள் வரும். அவர் சிரிக்காத படம் ஒன்றேனும் வருமா?