சரக்கை நிறுத்தும் முன் சொல்ல வேண்டாமா?

போட்டோ பிலிம் மொத்த வியாபாரத்தில் தலை நரைத்தவன் நான்.

கோடக் கம்பெனியின் கோடக்ரோம் பிலிம் 1935-ல் சந்தைக்கு வந்தது. மற்ற கலர் பிலிம்போல் சாயம் உண்டாக்கும் மருந்து அதற்குள் இருக்காது. கழுவும்போதுதான் ஏற்ற வேண்டும். சாதாரண ஸ்டுடியோவில் நடக்கிற காரியமல்ல. 2009 ஜூனில் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தார்கள். கடைசியாகக் கழுவிய கான்சாஸ் மாநில லேப், 2010 டிசம்பர் 30 வரை வந்த ரோல்களைத்தான் ஏற்றது. பிறகு மிஞ்சியதைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஆனாலும் ஒன்றரை வருட அவகாசம் இருந்தது. எனக்கு? 2005 மார்ச்சில் ஒரு கம்பெனிப் பிரதிநிதி இருபது பெட்டி கலர் பிலிமை என் தலையில் கட்டினார். அடுத்த மாதமே அந்த ரகம் நின்றது. ரிட்டர்ன் எடுக்க மறுத்துவிட்டார்கள். பத்துக்கு ஒன்று இலவசம் என்றதும் கையெழுத்துப் போட்டவன் நான்தான், மறுக்கவில்லை.

கழுவ லேப் இருந்தால் நின்ற சரக்கும் திரும்பலாம். எக்டக்ரோம் 2012-ல் நின்று 2018-ல் மறுபடி வந்தது. அதைக் கழுவும் இ-6 முறை லேப்களில் அப்படியே இருந்தது. கோடக்ரோமுக்கு அந்த வழியும் இல்லை.

பிலிம் போகட்டும். எந்தச் சரக்கை நிறுத்தினாலும் ஆறு மாதம் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தேங்கியதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று டீலர் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி, நம் சங்கம் கம்பெனிகளிடம் பேச வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.