ஓடியவர்களும் நின்றவர்களும்

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் போதும், “இத்தாலிக்காரன் எங்கே சண்டை போட்டான்? கையைத் தூக்கினான்” என்று சிரிக்க ஒருவர் கிளம்பிவிடுகிறார். அவர் ஜராபூபைக் கேள்விப்பட்டதே இல்லை போலும்.

லிபியா–எகிப்து எல்லையோரம், பாலைவனச் சோலை ஒன்றில் இருந்த இத்தாலியக் கோட்டை அது. 1940 டிசம்பரில் ஆஸ்திரேலியக் குதிரைப்படைப் பிரிவு (குதிரை பெயரில்தான், ஏறிவந்தது வண்டிகளில்) அதை வளைத்தது. கோட்டைத் தளபதி மேஜர் கஸ்டாஞ்ஞாவின் படைக்குச் சோறு வானத்திலிருந்து வந்தால்தான் உண்டு. ஜனவரியில் அதுவும் நின்றது. பிப்ரவரி 7-இல் இத்தாலியின் பத்தாவது ராணுவமே பேடா ஃபோமில் சரணடைந்தது. ஜராபூப் சரணடையவில்லை. மார்ச் 21-இல் மணற்புயலுக்கு நடுவே தாக்கித்தான் அதைப் பிடிக்க முடிந்தது. காயம்பட்ட கஸ்டாஞ்ஞா கைதியானார்.

முசோலினி அரசு இதை வைத்துப் படமெடுத்துப் பிரசாரம் செய்தது, உண்மை. கஸ்டாஞ்ஞாவின் படையில் இருந்த லிபிய வீரர்கள் பலர் கோட்டையை விட்டு ஓடியதும் உண்மை. தங்களை அடிமைப்படுத்திய இத்தாலிக்காரனுக்காக அவர்கள் ஏன் சாக வேண்டும்? ஆனால் பத்தாவது ராணுவத்தைக் கவிழ்த்தது அதன் தளபதிகளும் தளவாடங்களும். அந்தப் பழியைச் சிப்பாய் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம்.