பத்தா, நூறா?

பி.காம். படித்தவனுக்கு ஓ.டி. என்றால் ஒன்றுதான். ஓவர் டிராஃப்ட். அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்கு மாத்திரை ஓ.டி. என்றிருந்ததும், பில் கட்ட இவர்களே கடன் தருகிறார்களோ என்று ஒரு விநாடி சந்தோஷப்பட்டுவிட்டேன்.

மெடிக்கல் ஷாப் அண்ணாச்சிதான் தெளிய வைத்தார். "ஓ.டி.ன்னா ஒரு நாளைக்கு ஒரு தடவை, தம்பி. பி.டி. ரெண்டு. டி.டி.எஸ். மூணு."

டி.டி.எஸ்.ஸா! சன்மானத்தில் பிடிப்பது போதாதென்று இங்கேயுமா? எல்லாம் லத்தீனாம். அதே ஓ.டி. கண்ணாடிச் சீட்டில் இருந்தால் வலது கண்ணாம். கடைசி மாத்திரைக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். ஏதோ கப்பல் மூழ்குகிற மாதிரி அம்மா அழத் தயாரானாள். 'தேவைப்பட்டால் மட்டும்' என்று அர்த்தமாம்.

டாக்டரைக் குற்றம் சொல்லவில்லை சார். வாசலில் 60 டோக்கன் காத்திருக்கும்போது அவர் காவியமா எழுத முடியும்? அம்மாவே 'பி.பி.' என்றுதான் சொல்கிறாள்.

சிரிப்பு நின்ற இடம் இன்சுலின். '10' போட்டு, யூனிட்டுக்குப் பதில் ஒட்டினாற்போல் ஒரு இங்கிலீஷ் 'யூ'. அவசரத்தில் அந்த யூவின் வாய் மூடிவிட்டது. நான் படித்தது 100.

ராத்திரி எட்டு மணி. சிரிஞ்சை எடுத்தால் கோடு 40 வரைதான் இருந்தது. நூறை எதில் அடைப்பது? கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "பத்துதான் தம்பி."

"நூறு போட்டிருந்தா?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. அடுத்தவருக்குச் சில்லறை எண்ண ஆரம்பித்தார். எனக்குக் கால் நடுங்கியது.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-லேயே இந்த யூவை எழுதக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. எம்.எஸ்.ஸும் அதில் உண்டு. மார்ஃபின் சல்ஃபேட்டா, மெக்னீசியம் சல்ஃபேட்டா என்று குழப்புமாம். நம் மருத்துவ கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தி, மருந்துச் சீட்டைத் தெளிவாக, கூடியவரை கேப்பிடல் எழுத்தில் எழுதச் சொன்னது. சரி, கேப்பிடல் யூவுக்கு மட்டும் வாய் மூடாதா?

பாங்கில் பத்து ரூபாய் செக்கென்றாலும் 'பத்து மட்டும்' என்று எழுத்தால் எழுத வேண்டும். அப்பா உடம்புக்குள் போகிற பத்துக்கு அதெல்லாம் கிடையாது.

அடுத்த தடவை போனபோது, "டாக்டர், யூனிட்னு முழுசா எழுதுங்களேன்" என்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"பி.காம். சார்."

முழுசாக எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துச் சொன்னதும் அண்ணாச்சிதான்.